மிஸஸ் ஈட்டன் விவகாரம்: 1831-ல் அமெரிக்க அமைச்சரவை ஏன் கலைந்தது?

கேள்வி இது: "ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக இருந்தபோது, ஒரு மந்திரியின் மனைவியை மற்ற மந்திரிகளின் மனைவிமார் வீட்டுக்குக் கூப்பிடாததால் அமைச்சரவையே கலைந்தது என்கிறார்களே, நம்பும்படியாகவா இருக்கிறது? உள்ளே வேறு அரசியல் இருந்து, பழியை மட்டும் பெண்கள் மேல் போட்டுவிட்டார்களா?"

கலைந்தது உண்மை. 1831 ஏப்ரலில் தொடங்கி இரண்டே மாதத்தில், தபால்துறைத் தலைவர் ஒருவரைத் தவிர, மொத்த அமைச்சரவையும் காலி. உள்ளே வேறு அரசியல் இருந்ததும் உண்மை. ஆனால் "வேறு அரசியல்" என்று அதைத் தனியாகப் பிரித்து வைத்தால் கதை புரியாது. அந்தக் கால வாஷிங்டனில் யார் யார் வீட்டுப் படியை மிதிக்கிறார்கள், யார் மிதிப்பதில்லை என்பதே பாதி அரசியல். அதனால் முதலில் அந்த ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (அங்கே மந்திரிகளைச் "செயலாளர்" என்பார்கள். நான் மந்திரி என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.)

1829-ல் வாஷிங்டன் தலைநகரம் என்று பேர்தானே தவிர, சின்ன ஊர். மக்கள்தொகை இருபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. பெரும்பாலான காங்கிரஸ் உறுப்பினர்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுக் குளிர்காலக் கூட்டத்தொடருக்கு மட்டும் வருவார்கள். தங்குவது விடுதியில், சாப்பாடு அங்கேயே ஒரே மேசையில். அப்படிச் சேர்ந்து தங்கிச் சாப்பிடும் கூட்டத்துக்கு அங்கேயும் "மெஸ்" என்றுதான் பேர். ஒரே மெஸ்ஸில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள்.

இந்த ஆண்கள் வருவார்கள், போவார்கள். ஊரிலேயே இருந்தவர்கள் கடற்படை அதிகாரிகள், வங்கிக்காரர்கள், பாதிரியார்கள், பழைய குடும்பங்கள். அந்த வீடுகளின் வாசலைக் காத்தவர்கள் பெண்கள். புதிதாக வரும் மந்திரி மனைவியோ செனட்டர் மனைவியோ முறைப்படி வந்து பார்ப்பார், அல்லது விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போவார். சில நாளில் இவர்கள் பதிலுக்குப் போக வேண்டும். மொய் மாதிரிதான்: வைத்தவருக்குத் திருப்பி வைத்தே ஆக வேண்டும். பதில் விசிட் வரவில்லை என்றால் சண்டையும் கிடையாது, விளக்கமும் கிடையாது. "உன்னை எங்கள் வட்டத்தில் சேர்க்கவில்லை" என்று அர்த்தம். பெண்களுக்கு அன்று ஓட்டு இல்லை, பதவி இல்லை, கல்யாணமான பெண்ணுக்குச் சொத்துரிமைகூட அநேகமாக இல்லை. இந்த வாசல் மட்டும் அவர்கள் கையில் இருந்தது.

இனி மார்கரெட், அதாவது தலைப்பில் வரும் மிஸஸ் ஈட்டன். அப்பா வில்லியம் ஓநீல், வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலேயே பிராங்க்ளின் ஹவுஸ் என்ற விடுதியும் சாராயக்கடையும் வைத்திருந்தவர். 1799-ல் பிறந்த மார்கரெட் செனட்டர்கள் மடியில் வளர்ந்தவர் என்றே சொல்லலாம். பியானோ வாசிப்பார், நடனம் ஆடுவார். எல்லாவற்றையும்விட, ஆண்கள் அரசியல் பேசும்போது குறுக்கே புகுந்து தானும் பேசுவார். அழகி என்று நண்பர்களும் ஒப்புக்கொண்டார்கள், விரோதிகளும் ஒப்புக்கொண்டார்கள். பதினாறு, பதினேழு வயதில் ஜான் டிம்பர்லேக் என்ற கடற்படைக் கப்பல் கணக்குப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்குக் கடன் அதிகம், மாதக்கணக்கில் கடலில்.

அந்த விடுதியில் நிரந்தரமாகத் தங்கியவர்களில் ஒருவர் டென்னஸி செனட்டர் ஜான் ஈட்டன். மனைவியை இழந்தவர், பணக்காரர், ஜாக்சனுக்குப் பிள்ளை மாதிரி. டிம்பர்லேக்கின் கடன் விவகாரங்களைத் தீர்க்க உதவினார், கணவன் கடலில் இருக்கும்போது மார்கரெட்டை விழாக்களுக்குத் துணையாக அழைத்துப் போனார். ஊர் சும்மா இருக்குமா? பேச்சு கிளம்பியது. 1823-ல் செனட்டராக வந்து அதே விடுதியில் தங்கிய ஜாக்சன் காதில் இதெல்லாம் விழுந்ததோ இல்லையோ, மனைவி ரேச்சலுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வீட்டுப் பெண் ஞாயிறு மாலைகளில் அம்மாவுக்காகப் பக்திப் பாடல்கள் வாசிக்கிறாள் என்று புகழ்ந்துதான் எழுதினார்.

1828 ஏப்ரலில் டிம்பர்லேக் மத்தியதரைக் கடலில் கப்பலிலேயே இறந்தார். நுரையீரல் நோய் என்றது அதிகாரபூர்வ அறிக்கை. மனைவி நடத்தை பொறுக்காமல் கழுத்தை அறுத்துக்கொண்டார் என்றது வாஷிங்டன். துக்கம் ஒரு வருஷம்கூட முடியவில்லை. 1829 ஜனவரி 1-ம் தேதி ஈட்டனும் மார்கரெட்டும் கல்யாணம் செய்துகொண்டார்கள். "அவளை நேசிக்கிறாய் என்றால் செய்துகொள், கல்யாணமே வதந்திக்குப் பதிலாகிவிடும்" என்கிற தோரணையில் ஆலோசனை சொல்லி அனுப்பியவர் அதிபராகத் தேர்வாகியிருந்த ஜாக்சன். பதில் ஆகவில்லை. கல்யாணத்தையே ஊர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது.

ஜாக்சன் ஏன் இவ்வளவு தூரம் இதில் தலையிட்டார் என்றால், ரேச்சல். ரேச்சலுக்கு ஜாக்சன் இரண்டாவது கணவர். முதல் கணவர் விவாகரத்து வாங்கிவிட்டார் என்று நம்பி 1791 வாக்கில் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். உண்மையில் விவாகரத்து 1793-ல்தான் முடிந்தது. 1794-ல் மறுபடியும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலான இந்தக் கதையை 1828 தேர்தலில் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் தோண்டி எடுத்து, ரேச்சலை நடத்தை கெட்டவர் என்று எழுதித் தள்ளின. ஜாக்சன் ஜெயித்தார். பதவியேற்பதற்கு முன்பே, டிசம்பர் 22-ம் தேதி, ரேச்சல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நாஷ்வில் பக்கத்தில் தன் பண்ணை வீட்டுத் தோட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் புதைத்தார்கள். அவதூறு இவளைக் காயப்படுத்தலாம், களங்கப்படுத்த முடியாது என்ற பொருளில் கல்லறையில் எழுதிவைத்தார்கள். மனைவியை அவதூறு பேசியவர்கள்தான் கொன்றார்கள் என்று அந்த மனிதர் கடைசிவரை நம்பினார். 1806-ல் ஒருவரை நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர், நெஞ்சில் அன்று வாங்கிய குண்டோடேயே வெள்ளை மாளிகைக்குள் போனவர். இப்போது இன்னொரு பெண்ணைப் பற்றி அதே மாதிரிப் பேச்சு. அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

ஈட்டனைப் போர்த்துறை மந்திரி ஆக்கினார். விடுதிக்காரர் மகள் மந்திரி மனைவி ஆகிவிட்டார்.

மார்ச் 4 பதவியேற்பு நாளன்று வெள்ளை மாளிகைக்குள் ஜனக்கூட்டம் புகுந்து பீங்கான் பாத்திரங்களை உடைத்ததும், கூட்டத்தை வெளியே இழுக்கப் பானகத் தொட்டிகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோனதும், புது அதிபரை ஆட்கள் பின்வழியாகத் தப்பவைத்ததும் பலர் படித்திருப்பீர்கள். பழைய குடும்பங்களுக்கு அன்றே வயிறு கலங்கிவிட்டது. அதே வாரத்தில் மிஸஸ் ஈட்டனும் வந்து நின்றார்.

ஈட்டன் தம்பதி துணை அதிபர் ஜான் கல்ஹூன் வீட்டுக்குப் போனார்கள். கல்ஹூன் வெளியே போயிருந்தார். அவர் மனைவி ஃப்ளோரீட், தெற்குக் கரோலினாவின் பெரிய பண்ணைக் குடும்பத்துப் பெண், மரியாதையாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினார். மறுநாள் காலை கணவரிடம் சொல்லிவிட்டார்: பதில் விசிட் போகப் போவதில்லை. கல்ஹூன் பிற்பாடு பத்திரிகையில் எழுதிய விளக்கத்தின்படி, ஃப்ளோரீட் சொன்ன காரணம் சாமர்த்தியமானது. நான் இந்த ஊருக்கு வெளியாள், அந்தப் பெண் குற்றவாளியா நிரபராதியா என்று எனக்குத் தெரியாது, ஊர்ப் பெண்கள் முன்பே முடிவு எடுத்துவிட்டார்கள், அதை மாற்ற வேண்டியவர்களும் அவர்களே. இப்படிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாளில் தெற்குக் கரோலினாவுக்கே கிளம்பிவிட்டார். வெகுகாலம் வாஷிங்டன் பக்கம் வரவில்லை.

துணை அதிபர் மனைவி போகவில்லை என்றதும் நிதிமந்திரி இங்கம், கடற்படை மந்திரி பிராஞ்ச் ஆகியோரின் மனைவிமாரும் அட்டர்னி ஜெனரல் பெரியன் வீட்டுப் பெண்களும் வாசலைச் சாத்திக்கொண்டார்கள். இவர்களை வெறும் வம்புக்காரிகள் என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். கணவன் சரியில்லை என்றால் சட்டம் கைகொடுக்காத காலத்தில், ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு "நல்ல பேர்". அந்தப் பேருக்கு விலை இருக்க வேண்டுமானால் அதைக் காப்பாற்றாதவர்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். கூடவே ஜாதி அகங்காரம் மாதிரி ஒன்றும் கலந்திருந்தது: சாராயக்கடை மேசையில் பரிமாறின பெண் நம் பந்தியில் உட்காருவதா? ஈட்டனை யாரும் தள்ளிவைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். குற்றம் நடந்ததென்றால் இருவரும் சேர்ந்து செய்ததுதான், ஆனால் ஊர்விலக்கு ஒருவருக்கு மட்டும்.

ஜாக்சனுக்கு மிகவும் உறைத்தது வெள்ளை மாளிகைக்கு உள்ளேயே எழுந்த எதிர்ப்பு. மனைவி இல்லாததால் விருந்தோம்பலைக் கவனித்தவர் ரேச்சலின் அண்ணன் மகள் எமிலி டோனல்சன். வயது இருபத்தொன்று. அவர் கணவர்தான் ஜாக்சனின் அந்தரங்கச் செயலாளர். எமிலியும் மார்கரெட்டோடு ஒட்டவில்லை. 1829 கோடையில் எல்லோரும் நார்ஃபோக்குக்கு நீராவிப் படகில் போனபோது நிறைமாதத்துக்கு நெருங்கிய எமிலிக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த மார்கரெட் தன் விசிறியையும் வாசனைத் தைலப் புட்டியையும் நீட்டினார். எமிலி வாங்கவில்லை. மயக்கம் போட்டாலும் போடட்டும், உன் கையால் வேண்டாம் என்பது போல. எந்த ஊர் கல்யாண வீட்டிலும் நாம் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான், படகில் இருந்தவர்கள் மட்டும் ஒரு நாட்டை ஆள்பவர்கள். அடுத்த வருஷம் எமிலி டென்னஸிக்குப் போய், 1831 செப்டம்பர் வரை திரும்பவில்லை. வெள்ளை மாளிகை மாப்பிள்ளையும் மாமனாரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொள்ளும் வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே ஜாக்சனும் டோனல்சனும் இது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே பாதிரியார்கள். பிலடெல்பியாவின் எஸ்ரா ஸ்டைல்ஸ் ஈலி, ஜாக்சனுக்கு வேண்டியவர்தான், மார்ச் மாதமே நீண்ட கடிதம் எழுதி மார்கரெட் மேல் உள்ள புகார்களை எல்லாம் வரிசைப்படுத்தியிருந்தார். ஜாக்சன் வக்கீல் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார், சாட்சிக் கடிதங்கள் திரட்டினார், விசாரிக்க ஆள் அனுப்பினார். புகார்களில் மோசமானது ஒன்று: கணவர் ஒரு வருஷமாகக் கடலில் இருந்த சமயத்தில் மார்கரெட்டுக்குக் கரு கலைந்தது என்று ஒரு டாக்டர் சொன்னாராம். டாக்டர் அதற்குள் செத்துப்போயிருந்தார். இதைச் சொன்னவர் யார் என்று தோண்டிப் பார்த்தால், ஜாக்சன் போகும் தேவாலயத்தின் பாதிரியார் கேம்ப்பெல். நடந்த வருஷம் 1821 என்றார். டிம்பர்லேக்கின் கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்த ஜாக்சன், அந்த வருஷம் அவர் ஊரில்தான் இருந்தார் என்று காட்டினார். அப்படியானால் 1822-ஆக இருக்கும் என்றார் பாதிரியார்.

1829 செப்டம்பர் 10-ம் தேதி மாலை நடந்த கூட்டம் மாதிரி இன்னொன்று அமெரிக்க வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. ஜாக்சன் அமைச்சரவையைக் கூட்டினார். ஈட்டனை மட்டும் அழைக்கவில்லை. ஈலி, கேம்ப்பெல் இருவரையும் வரவழைத்தார். பொருள்: மார்கரெட்டின் கற்பு. ஈட்டன் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று ஈலி ஒப்புக்கொண்டார். "மிஸஸ் ஈட்டன் மேலும் இல்லைதானே?" என்று ஜாக்சன் குறுக்கிட்டார். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்றார் ஈலி. "கன்னிப்பெண்ணைப் போல் கற்புள்ளவள்!" என்று கத்தினார் அதிபர். இரண்டு பிள்ளைகளின் தாயைப் பற்றி. மந்திரிகள் தரையைப் பார்த்திருப்பார்கள். கேம்ப்பெல் ஏதோ ஆவணம் எடுத்து வாதாடத் தொடங்க, சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டேன், தீர்ப்புச் சொல்ல இல்லை என்று வெட்டிவிட்டார்.

கூட்டத்தால் ஒரு மனமும் மாறவில்லை. நவம்பர் கடைசியில் அதிபர் கொடுத்த அமைச்சரவை விருந்து சாவு வீட்டு மௌனத்தில் முடிந்தது. எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சீக்கிரமாகக் கிளம்பினார்கள்.

இங்கேதான் மார்ட்டின் வான் பியூரன் வருகிறார். நியூயார்க்காரர், வெளியுறவு மந்திரி, அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். முக்கியமான விஷயம், மனைவி 1819-லேயே காலமாகிவிட்டார். வீட்டில் "நான் போக மாட்டேன்" என்று சொல்ல ஆள் இல்லை. அவர் நேராக ஈட்டன் வீட்டுக்குப் போனார், விருந்து வைத்தார், மார்கரெட்டை மரியாதையாக நடத்தினார். பிரிட்டிஷ் தூதர் வாகனும் ரஷ்யத் தூதர் குருடனரும் கல்யாணமாகாதவர்கள். அவர்களையும் பேசிவைத்து நடன விருந்துகளுக்கு மார்கரெட்டை அழைக்கவைத்தார். ரஷ்யர் விருந்தில் தனக்குப் பக்கத்தில் மிஸஸ் ஈட்டன் இருக்கை என்றதும் டச்சுத் தூதர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை பரவ, தூதரையே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஜாக்சன் குதித்தார். அப்புறம் அது அப்படியில்லை என்று பூசி மெழுகினார்கள்.

ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1830 தொடக்கத்தில் அந்த மூன்று மந்திரிகளிடமும் "மிஸஸ் ஈட்டனை அழைத்தால் நல்லது" என்று அதிபர் சார்பாகத் தூது போனவர் கென்டக்கியின் ரிச்சர்டு ஜான்சன். இவர் ஜூலியா சின் என்ற அடிமைப் பெண்ணோடு மனைவியாகவே வாழ்ந்து, பிறந்த இரண்டு மகள்களையும் வெளிப்படையாகத் தன் பிள்ளைகள் என்று சொன்னவர். அந்த ஜூலியா எந்த வாஷிங்டன் வரவேற்பறைக்கும் வர முடியாது, அழைக்கலாமா என்ற கேள்வியே எழாது. வெள்ளை மாளிகையில் அந்த விருந்துகளுக்கு வேலை செய்தவர்களிலும் ஜாக்சனின் அடிமைகள் இருந்தார்கள். யாருக்கு மானம் உண்டு, யாருடைய மானம் விவாதத்துக்கே வராது என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது.

சரி, "வேறு அரசியல்" என்ன? ஜாக்சனுக்கு வயது அறுபத்திரண்டு, உடம்பு முழுக்க வியாதி. ஒரு தடவையோடு போய்விடுவார் என்றே பலர் கணக்குப் போட்டார்கள். அடுத்தது யார்? கல்ஹூனா, வான் பியூரனா? அதோடு 1828 இறக்குமதி வரி. பருத்தி விளைவிக்கும் தெற்குக் கரோலினா அந்த வரியை வெறுத்தது. மத்திய அரசின் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் செல்லாததாக்கலாம் என்று பேர் போடாமல் ஓர் அறிக்கை எழுதிக்கொடுத்தவர் துணை அதிபர் கல்ஹூனேதான். 1830 ஏப்ரல் 13 ஜெபர்சன் நினைவு விருந்தில் ஜாக்சன் எழுந்து "நமது கூட்டாட்சி ஒன்றியம், அது காக்கப்பட்டே ஆக வேண்டும்" என்று கோப்பையை உயர்த்தினார். கல்ஹூன் எழுந்து, ஒன்றியம் நமக்குப் பிரியமானதுதான், சுதந்திரத்துக்கு அடுத்தபடியாக என்றார். அடுத்த மாதம் இன்னொரு இடி. 1818-ல் ஜாக்சன் உத்தரவை மீறி ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்குள் படையெடுத்தபோது, அன்று போர்த்துறை மந்திரியாக இருந்த கல்ஹூன் அவரைத் தண்டிக்க வேண்டும் என்று அமைச்சரவையில் பேசினார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் நம் ஆள் என்று ஜாக்சன் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, மிஸஸ் ஈட்டன் இல்லாவிட்டாலும் ஜாக்சனும் கல்ஹூனும் பிரிந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் எப்போது, யாருக்கு லாபமாக என்பதை ஈட்டன் விவகாரம் தீர்மானித்தது. இது ஆரம்பத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஹென்றி கிளேயின் சதி என்றே ஜாக்சன் சந்தேகப்பட்டார். மாதங்கள் போகப் போகத்தான் சந்தேகம் கல்ஹூன் பக்கம் திரும்பியது. வரிச் சண்டையும் ஃபுளோரிடாக் கடிதமும் வந்தபோது நிலம் ஏற்கெனவே உழுது வைத்திருந்தது.

இந்த அமளியில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்று, ஈட்டன் அலுவலகத்தில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. பூர்வகுடி மக்களின் விவகாரம் போர்த்துறையின் கீழ்தான் வந்தது. 1830 மே 28-ல் ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டத்தின்படி சோக்டா, செரோக்கி முதலிய மக்களை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அனுப்ப ஒப்பந்தம் போட வேண்டியவர் ஈட்டன். அந்தச் செப்டம்பரில் மிசிசிப்பி மாநிலத்துக்கே போய் சோக்டாக்களோடு ஒப்பந்தம் போட்டு வந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு நடந்தார்கள், வழியிலேயே செத்தார்கள். அதற்காக இந்த அமைச்சரவையில் ஒருவர்கூட ராஜினாமா செய்யவில்லை.

1831 வசந்தத்தில் அரசாங்கம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஜாக்சன் அமைச்சரவைக் கூட்டத்தை அபூர்வமாகத்தான் கூட்டினார். பத்திரிகையாளர்கள், நண்பர்கள் என்று ஒரு சின்ன வட்டத்தோடு பேசி முடிவெடுத்தார். எதிரிகள் அதற்கு வைத்த கேலிப் பேர் "சமையலறை அமைச்சரவை". ஜாக்சனும் வான் பியூரனும் சேர்ந்து குதிரையில் போகும் வழக்கம். அப்படி ஒரு நாள், நான் ராஜினாமா செய்தால்தான் உங்களுக்கு நிம்மதி என்றார் வான் பியூரன். ஜாக்சன் முதலில் ஒப்பவே இல்லை. அப்புறம் நிதானமாகக் கேட்டார். வான் பியூரன் போனால், அதைச் சாக்காக வைத்து மற்றவர்களையும் அனுப்பிவிடலாம். அன்றிரவு நண்பர்களோடு பேசும்போது ஈட்டன் குறுக்கிட்டார்: நீங்கள் ஏன் போக வேண்டும், பிரச்சினையே என்னால்தானே? மிஸஸ் ஈட்டன் என்ன சொல்வார் என்று கேட்டார் வான் பியூரன். மறுநாள், சம்மதம்தான் என்று பதில் வந்தது.

இருவரும் கடிதம் கொடுத்தார்கள். பிறகு ஜாக்சன் மற்ற மூவரையும் வெளியே தள்ளினார். தபால்துறைத் தலைவர் பாரி மட்டும் பதவியில் தங்கினார். கொஞ்ச நாள் கழித்து ஜாக்சனும் வான் பியூரனும் மார்கரெட்டைப் பார்க்கப் போனார்கள். அவர் வரவேற்ற விதம் பனிக்கட்டி. இருவருக்கும் ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டு வருஷமாகத் தன் மானத்துக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள், கடைசியில் தன் கணவரின் பதவியைக் கொடுத்து அரசியல் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கு மற்ற எல்லோருக்கும் முன்பே புரிந்துவிட்டது.

ஜூனில் கொஞ்சம் கோமாளித்தனமும் நடந்தது. மந்திரி குடும்பங்கள் மிஸஸ் ஈட்டனோடு பழக மறுத்தன என்று கல்ஹூன் பக்கப் பத்திரிகை எழுத, ஈட்டன் இங்கத்திடம் விளக்கம் கேட்டார். ஊருக்கே தெரிந்ததை நான் மறுக்க வேண்டுமா, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்கிற மாதிரி பதில் வந்தது. துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார் ஈட்டன். இங்கம் மறுத்தார். ஈட்டன் ஆட்களோடு தெருவில் தேட, முன்னாள் நிதிமந்திரி விடியற்காலை கோச் வண்டி பிடித்து பால்டிமோருக்குப் போய்விட்டார்.

வான் பியூரனை பிரிட்டனுக்குத் தூதராக அனுப்பினார் ஜாக்சன். 1832 ஜனவரியில் செனட் ஒப்புதல் வாக்கெடுப்பில் சமன். செனட் தலைவர் என்ற முறையில் கல்ஹூன் தன் ஓட்டை எதிராகப் போட்டார். இதோடு ஆள் செத்தான், இனி உதைக்கக்கூட மாட்டான் என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டதாக செனட்டர் பென்டன் எழுதினார். பென்டன் வேறொருவரிடம் சொன்னது: ஒரு தூதரை உடைத்தீர்கள், ஒரு துணை அதிபரை உருவாக்கினீர்கள். அப்படியே நடந்தது. அந்த வருஷத் தேர்தலில் வான் பியூரன் துணை அதிபர், 1836-ல் அதிபர். கல்ஹூன் 1832 டிசம்பர் 28-ல் துணை அதிபர் பதவியையே ராஜினாமா செய்துவிட்டு செனட்டுக்குப் போனார். அதிபர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

மார்கரெட் உண்மையில் "தப்புச் செய்தாரா" என்று கேட்பீர்கள். டிம்பர்லேக் உயிரோடு இருக்கும்போதே ஈட்டனோடு உறவு இருந்ததற்கு நிரூபணம் யாரிடமும் இல்லை. பாதிரியார் வருஷத்தை மாற்றிய கதைதான் எதிர்த்தரப்பின் பலமான சாட்சி. இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது யாருக்கும் சம்பந்தமில்லாத விஷயம் என்றும் தோன்றுகிறது.

ஈட்டன் ஃபுளோரிடா ஆளுநரானார், பிறகு ஸ்பெயினுக்குத் தூதர். மாட்ரிட் அரண்மனையில் மார்கரெட்டுக்கு எந்த வாசலும் சாத்தியிருக்கவில்லை. திரும்பி வந்த ஈட்டன் 1840 தேர்தலில் வான் பியூரனை எதிர்த்து வேலை செய்தார். ஜாக்சன் கொதித்துப்போனார். 1856-ல் ஈட்டன் இறந்தார். மூன்று வருஷம் கழித்து, ஐம்பத்தொன்பது வயதில், பேரப்பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க வந்த தன்னைவிட வயதில் மிகவும் சின்ன இத்தாலிக்காரனை மார்கரெட் கல்யாணம் செய்துகொண்டார். அவன் சில வருஷத்தில் அவர் பணத்தையும் அவருடைய பேத்தியையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக்கு ஓடிவிட்டான். 1873-ல் தன் கதையைத் தானே சொல்லி எழுதவைத்தார், ஊர் பேசினதற்கெல்லாம் பதிலாக. 1879-ல் வாஷிங்டனிலேயே இறந்தார். அந்தக் கதை அச்சில் வந்தது 1932-ல்.